கடவுள் கொடுத்த நிலம் என்றால், அந்த ரப்பிகள் ஏன் எதிர்க்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: "கானான் தேசத்தை ஆபிரகாமின் சந்ததிக்குக் கொடுத்ததாக பைபிளிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, கறுப்புக் கோட்டும் தொப்பியும் நீண்ட தாடியுமாக யூத மதகுருக்களான ரப்பிகளே பாலஸ்தீனக் கொடியைப் பிடித்துக்கொண்டு 'இஸ்ரேல் என்ற நாடே கூடாது' என்று நிற்கும் படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. இவர்கள் நிஜ யூதர்களா, யாராவது வேஷம் கட்டி நிறுத்தியதா?" வேஷம் இல்லை, நிஜமானவர்கள்தான். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நிலம் கடவுள் கொடுத்தது என்பதில் இஸ்ரேலை ஆதரிக்கும் ரப்பிகளும் எதிர்க்கும் ரப்பிகளும் ஒத்துப்போன பிறகு, சண்டை எதைப் பற்றி? அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடும் யூத சமய வரலாறும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். எபிரேய வேதத்தை மூலத்தில் படிப்பேன். பழைய ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தை மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். சர்வதேசச் சட்டம் என் துறை அல்ல. 1948இல் வீடிழந்த சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்களின் உரிமையையோ, இன்று அங்கே யார் எந்த எல்லைக்குள் வாழ வேண்டும் என்பதையோ வேதவசனத்தை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. இங்கே பேசுவது சமய வாதங்களை மட்டும்.

வாக்குத்தத்தம் வேதத்தில் இருக்கிறதா என்பதில் சந்தேகமே இல்லை. ஆதியாகமம் 12, 15, 17 ஆகிய அதிகாரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 17ஆம் அதிகாரம் அதை நித்திய சுதந்தரம் என்றே சொல்கிறது. ஆனால் அதே தோராவின் (மோசேயின் ஐந்து புத்தகங்கள்) மூன்றாம் புத்தகத்துக்கு வந்தால் குரல் மாறுகிறது. லேவியராகமம் 25:23இல் கடவுள், தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள் என்கிறார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பட்டா கடவுள் பெயரில்; இஸ்ரவேலர் குத்தகைக்காரர்கள். 18ஆம் அதிகாரம் இன்னும் கடுமை: முன்பிருந்த ஜனங்களைக் கக்கிப்போட்டதுபோல இந்தத் தேசம் உங்களையும் கக்கிப்போடும் என்கிறது. உபாகமம் 28 கீழ்ப்படியாமைக்குத் தண்டனையாக நாடுகடத்தலைச் சொல்கிறது. 30ஆம் அதிகாரம், மனந்திரும்பினால் கடவுளே உங்களைத் திரும்பக் கூட்டிச் சேர்ப்பார் என்கிறது. கடவுள் கூட்டிச் சேர்ப்பார், சரி. மனிதன் தானாகப் புறப்பட்டுப் போகலாமா? பிற்காலச் சண்டை முழுவதும் இந்த இடைவெளியில்தான் முளைத்தது.

எல்லையும் ஒன்றாக இல்லை. ஆதியாகமம் 15 எகிப்தின் நதி தொடங்கி ஐபிராத்து நதி வரை என்கிறது. எண்ணாகமம் 34 போடும் கோடு அதைவிடக் குறுகியது. 'தாண் முதல் பெயெர்செபா வரை' என்ற வழக்கு அதையும்விடச் சிறியது. இன்னொரு வேடிக்கை: எப்ரோன், சீகேம், பெத்தேல், சீலோ என்று வேதத்தின் முக்கிய ஊர்கள் பெரும்பாலும் இன்றைய மேற்குக் கரையில் இருக்கின்றன. அஸ்தோத், அஸ்கலோன் போன்ற கடலோர ஊர்களோ வேதத்தில் பெலிஸ்தரின் பட்டணங்கள். 1948இல் உருவான நாட்டின் வரைபடத்தையும் வேதத்தின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தாது. மேற்குக் கரையை இஸ்ரேல் பிடித்த 1967க்குப் பிறகு சமயவாதிகளின் வேகம் ஏன் கூடியது என்பதற்கு இந்தப் பொருந்தாமையே பாதிக் காரணம்.

11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ட்ரோய் நகரில் வாழ்ந்த ராஷியின் விளக்கவுரையை இன்றும் யூதச் சிறுவர்கள் தோராவோடு சேர்த்தே படிக்கிறார்கள். ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கே அவர் எழுதும் முதல் குறிப்பு இதுதான்: சட்டப் புத்தகம் சிருஷ்டிக் கதையிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? ஏழு ஜாதிகளின் (வேதத் தமிழில் ஜாதி என்றால் பிற இனத்தார்) நிலத்தைப் பறித்த கொள்ளையர் நீங்கள் என்று உலகத்தார் சொன்னால், பூமி முழுவதும் படைத்தவனுடையது, தன் சித்தப்படி அவர்களுக்குக் கொடுத்தான், தன் சித்தப்படி அவர்களிடமிருந்து எடுத்து எங்களுக்குக் கொடுத்தான் என்று பதில் சொல்வதற்காக. குடியேற்ற ஆதரவாளர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்களிடம் ஒன்று கேட்பேன்: ராஷி இதை எழுதியபோது அந்த நிலம் யார் கையில் இருந்தது? முஸ்லிம்கள் கையில், அவர் சாவதற்குள் சிலுவைப் போர்வீரர்கள் கைக்குப் போயிற்று. சித்தப்படி கொடுப்பவன் சித்தப்படி எடுக்கவும் செய்வான் என்பதையும் இதே வரி சொல்கிறது. வாளுக்கு இரண்டு பக்கமும் கூர்.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். 132-135 பர் கோக்பா கிளர்ச்சி தோற்றது. எருசலேமுக்குள் யூதர்கள் நுழையத் தடை வந்தது. கலிலேயாவில் யூதர்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள் என்றாலும் சமூகத்தின் பெரும்பகுதி வெளியே சிதறியது. அதன்பின் ஏக்கம் வழிபாட்டுக்குள் போய்விட்டது. எருசலேமை நோக்கித் திரும்பித் தினமும் ஜெபம், பஸ்கா விருந்தின் முடிவில் 'அடுத்த ஆண்டு எருசலேமில்' என்ற வாழ்த்து, ஆலயம் இடிந்த நாளில் உபவாசம். இந்தப் பற்றை, யூதர்களுக்கு அங்கே சொந்த நாடு வேண்டும் என்ற சியோனிஸ்டுகள் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்பவர்கள் ஜெபப்புத்தகத்தைத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் அதே ஜெபப்புத்தகத்தில் பண்டிகை நாள் ஜெபம் ஒன்று இப்படித் தொடங்குகிறது: எங்கள் பாவங்களினிமித்தம் எங்கள் தேசத்திலிருந்து நாடுகடத்தப்பட்டோம். ரோமன் துரத்தினான் என்று அது சொல்லவில்லை. நோய்க்குக் காரணம் பாவம் என்றால் மருந்து மனந்திரும்புதல்தானே, படையும் தூதரகமும் எப்படி மருந்தாகும் என்று எதிர்ப்பாளர்கள் கேட்பது இங்கிருந்துதான்.

இனி அந்தப் படத்தில் இருப்பவர்களின் நேரடி ஆதாரத்துக்கு வருகிறேன். பாபிலோனியத் தல்மூத்தின் கெத்துபோத் பகுதியில், 110ஆம் ஏட்டின் கடைசியில் தொடங்கி 111இல் தொடரும் ஒரு விவாதம். கெத்துபோத் திருமண ஒப்பந்தங்களைப் பற்றியது. கணவன் இஸ்ரவேல் தேசத்துக்குப் போக அழைத்து மனைவி மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து பேச்சு திசை மாறுகிறது. முதலில் ஒரு தீர்ப்பு வருகிறது: விக்கிரக ஆராதனைக்காரர்கள் அதிகமுள்ள ஊராக இருந்தாலும் இஸ்ரவேல் தேசத்திலேயே குடியிரு, யூதர்கள் நிறைந்த ஊராக இருந்தாலும் வெளியே குடியிராதே, வெளியே இருப்பவன் கடவுள் இல்லாதவனைப் போல. இதைவிடத் தெளிவாக ஒரு கட்டளை வேண்டுமா?

ஆனால் அடுத்த மூச்சிலேயே ஒரு சம்பவம். 3ஆம் நூற்றாண்டு, பாபிலோனில் ரப் யெகூதா பெரிய ஆசான். அவருடைய மாணவர் ரப்பி ஸேராவுக்கு இஸ்ரவேல் தேசத்துக்குப் போக ஆசை. ஆசானுக்கு அது பிடிக்காது என்பதால் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிகிறார். ஏனென்றால் ரப் யெகூதாவின் போதனை, பாபிலோனிலிருந்து புறப்பட்டுப் போகிறவன் ஒரு கட்டளையையே மீறுகிறான் என்பது. எரேமியா 27:22ஐ ஆதாரம் காட்டுகிறார்: பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவை நான் விசாரிக்கும் நாள்மட்டும் அங்கேயே இருக்கும். ஸேராவின் தரப்பு விடவில்லை: அந்த வசனம் ஆலயத்துப் பாத்திரங்களைப் பற்றியதல்லவா, ஆட்களைப் பற்றியதா? ஆசான் உன்னதப்பாட்டு 2:7க்குத் தாவுகிறார். 'எருசலேமின் குமாரத்திகளே, பிரியம் வரும்வரை அவளை எழுப்பாதிருக்க ஆணையிடுகிறேன்' என்ற வசனம். அதற்கும் பதில் வருகிறது: அது எல்லோரும் மதில்போலத் திரண்டு ஏறிப் போகக்கூடாது என்பதற்கு, தனி ஆள் போவதைத் தடுக்கவில்லை. இந்த இழுபறியின் நடுவே மூன்று ஆணைகள் வெளிப்படுகின்றன. இஸ்ரவேலர் மதில்போலத் திரண்டு ஏறிப் போகக்கூடாது. உலக ஜாதிகளுக்கு எதிராகக் கலகம் செய்யக்கூடாது. ஜாதிகள் இஸ்ரவேலரை அளவுக்குமீறி ஒடுக்கக்கூடாது.

ஸேரா கடைசியில் போய்விட்டார். எல்லை ஆற்றில் ஓடம் கிடைக்கவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கடந்தாராம். ஒருவன் பார்த்து, அவசரக்கார ஜனம் என்று கேலி செய்தான். மோசேக்கும் ஆரோனுக்கும் கிடைக்காத இடம், எனக்குக் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தந்தார்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். ஆசானும் மாணவனும் ஒரே வேதத்தில் நின்று, ஒரே நிலத்தை நேசித்து, எதிரெதிராகப் போனார்கள். தல்மூத் இருவரையும் வைத்துக்கொண்டது.

இந்த மூன்று ஆணைகள் சட்டமா, நீதிக்கதை வகைப் போதனையா? இது இன்னும் தீராத விவாதம், இரண்டு பக்கமும் கனமான ஆட்கள் இருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் பெரிய யூதச் சட்ட அறிஞர் மைமோனிதஸ் 1172இல் யேமன் யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஆணைகளை நினைவூட்டி எச்சரிக்கிறார். ஆனால் தன் பெரிய சட்டத் தொகுப்பில் சேர்க்கவில்லை. இஸ்ரவேல் தேசத்தில் குடியேறுவதைத் தோராவின் 613 கட்டளைகளில் ஒன்றாகவும் அவர் எண்ணவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் ரப்பி நாகமானிதஸ் அதை நேரடியாக மறுத்து, குடியேறுவதும் நிலத்தை அந்நியர் கையில் விடாதிருப்பதும் எல்லாத் தலைமுறைக்கும் உரிய கட்டளை என்று எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, 1267இல் எழுபதை ஒட்டிய வயதில் ஸ்பெயினிலிருந்து எருசலேம் வந்து சேர்ந்தார். பாழாகக் கிடந்த நகரத்தில் அவர் கண்ட யூதர்கள் சாயத் தொழில் செய்த இரண்டு சகோதரர்கள் மட்டும் என்று மகனுக்குக் கடிதம் எழுதினார். குடியேற்றத்தை ஆதரிக்கும் ரப்பிகள் நாகமானிதஸைத் தூக்கிப்பிடிப்பதும், எதிர்ப்பவர்கள் மைமோனிதஸின் மௌனத்தைச் சுட்டிக்காட்டுவதும் இன்றுவரை நடக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்திரிகையாளர் ஹெர்சலின் சியோனிச இயக்கம் வந்தபோது, ரப்பிகள் பலர் இரண்டு எதிரெதிர்த் திசைகளிலிருந்து அதை எதிர்த்தார்கள். சீர்திருத்த யூதர்கள் 1885 பிட்ஸ்பர்க் அறிக்கையில், நாங்கள் இனிமேல் ஒரு தேசிய இனமல்ல, சமயச் சமூகம், பாலஸ்தீனம் திரும்ப எதிர்பார்க்கவில்லை என்று எழுதிவிட்டார்கள் (1937இல் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள்). வைதீகர்களுக்கோ, ஓய்வுநாளைக் கூட மதிக்காதவர்கள் மீட்பைக் கையில் எடுப்பதா என்ற கோபம். 1897இல் மியூனிக்கில் நடக்கவிருந்த முதல் சியோனிச மாநாடு எதிர்ப்பால் பாசலுக்கு மாறியது. எதிர்ப்பு அறிக்கையில் தாராளவாத ரப்பிகளும் கையெழுத்திட்டார்கள், வைதீக ரப்பிகளும் கையெழுத்திட்டார்கள். ஆதரித்த சமயவாதிகளின் கணக்கும் நாம் நினைக்கும் கணக்கல்ல. 1902இல் மிஸ்ராகி என்ற சமய சியோனிச அமைப்பைத் தொடங்கிய ரப்பி ரெய்னஸ், அடுத்த ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவில் இடம் தருகிறோம் என்று பிரிட்டன் சொன்னபோது அதைப் பரிசீலிக்கலாம் என்ற பக்கம் நின்றார். கொதித்தெழுந்தவர்களில் முன்நின்றவர்கள் சமயப் பற்றில்லாத ரஷ்ய சியோனிஸ்டுகள். ரெய்னஸுக்கு அப்போதைய அவசரம் உயிர்களைக் காப்பது; மீட்பு கடவுள் வேலை.

இதை மாற்றியவர் 1921இல் பாலஸ்தீனத்தின் அஷ்கநாசி (ஐரோப்பிய மரபு யூதர்களின்) தலைமை ரப்பியான ஆபிரகாம் ஐசக் கூக். சமயத்தை மதிக்காமல் சேற்றில் இறங்கி உழுகிற அந்த இளைஞர்களும் தங்களுக்கே தெரியாமல் கடவுளின் வேலையைத்தான் செய்கிறார்கள் என்றார். மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியன் ஆண்டுக்கு ஒருநாள்தான் நுழையலாம். ஆனால் அது கட்டப்படும்போது கொத்தனார்கள் சாதாரண உடையோடு வந்துபோனார்கள் அல்லவா என்பது அவர் பெயரால் வழங்கும் உவமை. மூன்று ஆணைகளுக்கும் இந்தத் தரப்பில் பதில்கள் தயாராயின. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய பிரிட்டன் ஆதரவு சொன்ன 1917 பால்ஃபர் பிரகடனமும், அதை மற்ற வல்லரசுகள் ஏற்ற 1920 சான் ரெமோ மாநாடும் வந்தபின், ஜாதிகளே அனுமதித்துவிட்டதால் ஆணைகளைப் பற்றிய பயம் நீங்கியது என்று த்வின்ஸ்க் நகரத்து ரப்பி மேயிர் சிம்கா சொன்னார். பாரசீக அரசன் கோரேஸின் கட்டளையில் கி.மு. 538இல் யூதர்கள் பாபிலோனிலிருந்து திரும்பினார்களே, அப்போது கடவுள் அனுப்பும் மீட்பரான மேசியா வந்திருந்தாரா என்று கேட்டவர்கள் உண்டு. நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த ஹோலோகாஸ்டுக்குப் பிறகு, மூன்றாம் ஆணையை ஜாதிகள் மீறியாயிற்று, ஒப்பந்தமே முறிந்தது என்ற வாதம் பலம் பெற்றது.

மறுபக்கத்தின் தலைமைக் குரல், சாத்மார் என்ற தீவிர வைதீகச் சமூகத்தின் தலைவர் (ரெப்பே) யோவேல் டைட்டல்பாம். கோரேஸ் காலத்தில் எழுபது ஆண்டு என்று எரேமியா தவணை சொல்லியிருந்தான், இப்போது எந்தத் தீர்க்கதரிசி சொன்னான் என்பது அவர் தரப்பின் எதிர்வாதம். அனுமதியோடு வந்தாலும் அனுமதியில்லாமல் வந்தாலும், மேசியாவுக்கு முன் யூத அரசு என்பதே பாவம் என்றார். ஹோலோகாஸ்டுக்கே காரணம் சியோனிஸ்டுகள் ஆணையை மீறியதுதான் என்றுகூட எழுதினார். இதை என்னால் கூசாமல் படிக்க முடிந்ததில்லை. பலியான லட்சக்கணக்கானோரில் சியோனிசத்தோடு சம்பந்தமே இல்லாத பக்திமான்கள் எத்தனையோ பேர். டைட்டல்பாமே 1944இல் ஹங்கேரியிலிருந்து தப்பியது, சியோனிசச் செயல்பாட்டாளர் காஸ்ட்னர் நாஜிகளோடு பேரம் பேசி ஏற்பாடு செய்த ரயிலில்.

1967 போருக்கு மூன்று வாரம் முன்பு, கூக்கின் மகன் ட்ஸ்வி யெகூதா தன் மாணவர்கள் முன்னால், எங்கள் எப்ரோன் எங்கே, எங்கள் சீகேம் எங்கே என்று உருகிப் பேசினார். போரில் அந்த ஊர்கள் இஸ்ரேலின் கைக்கு வந்தபோது மாணவர்களுக்கு அது தீர்க்கதரிசனமாகவே பட்டது. 1974இல் குஷ் எமுனிம் குடியேற்ற இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. தந்தை கூக் இதை ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது ஊகம். அவர் 1935இலேயே இறந்துவிட்டார். அதே சமயம், செபார்டிய (ஸ்பானிய, கிழக்கத்திய மரபு யூதர்களின்) தலைமை ரப்பியாக இருந்த ஒவாடியா யோசெப், உயிரைக் காப்பது மற்றக் கட்டளைகளுக்கு மேலானது என்ற பழைய சட்டத்தை வைத்து, உண்மையான சமாதானம் கிடைக்குமானால் நிலத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று தீர்ப்பு எழுதினார். நிலம் புனிதமானது, உயிர் அதைவிடப் புனிதமானது என்ற அந்தத் தர்க்கம், நான் படித்தவற்றில் யூதச் சட்ட மரபுக்கு மிக நெருக்கமாக எனக்குப் படுகிறது.

மற்ற இரு மதங்களையும் சுருக்கமாகத் தொட்டுப் போகிறேன். கிறிஸ்தவத் திருச்சபை நெடுங்காலம் வாக்குத்தத்தம் தனக்கு மாறிவிட்டது என்றே போதித்தது. 1904இல் போப் பத்தாம் பயஸ் ஹெர்சலிடம், யூதர்கள் நம் ஆண்டவரை ஏற்கவில்லை, ஆகவே நாங்கள் யூத ஜனத்தை ஏற்க முடியாது என்று சொன்னதாக ஹெர்சலின் நாட்குறிப்பில் இருக்கிறது. வத்திக்கான் 1993இல்தான் இஸ்ரேலோடு ஒப்பந்தம் செய்தது. நம் ஊர் பெந்தெகொஸ்தே மேடைகளில் ஆதியாகமம் 12:3ஐ வாசித்து 'இஸ்ரவேலை ஆசீர்வதித்தால் ஆசீர்வாதம்' என்று முழங்குவது வேறொரு ஓடை. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் டார்பி என்ற போதகர் தொடங்கி, 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு பைபிள் குறிப்புகள் வழியாகப் பரவியது. பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களோ 2009 கைரோஸ் ஆவணத்தில், எங்களை வேரறுக்க வேதத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்ற பொருளில் மன்றாடினார்கள். இஸ்லாத்தில், குர்ஆன் 5:21 மூஸா தன் ஜனத்திடம் அல்லாஹ் உங்களுக்கு விதித்த புனித பூமிக்குள் நுழையுங்கள் என்று சொல்வதைப் பதிவுசெய்கிறது. அது கீழ்ப்படிதலோடு சேர்ந்த வாக்குறுதி என்பார்கள் விளக்கவுரையாளர்கள் பலர். இப்ராஹீமிடம் என் வாக்குறுதி அநியாயக்காரர்களைச் சேராது என்று சொல்லப்பட்ட 2:124ஐக் காட்டுவார்கள். லேவியராகமம் சொன்னதிலிருந்து இது அவ்வளவு தூரமில்லை. நிலம் முழுவதும் வக்ஃபு என்று 1988 ஹமாஸ் சாசனம் சொன்னது. அது 7ஆம் நூற்றாண்டு வெற்றியை வைத்துக் கட்டப்பட்ட வாதம்.

வரலாற்றில் எது உறுதி என்றும் கேட்பீர்கள். கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் மெர்னெப்தா கல்வெட்டு இஸ்ரவேல் என்ற ஜனத்தைக் குறிப்பிடுகிறது. 1993இல் தெல் தாணில் கிடைத்த கல்வெட்டு தாவீதின் வம்சத்தைச் சொல்வதாகப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். யூதர்களின் பழமையான தொடர்பு கற்பனையல்ல. ஆபிரகாமுக்கு வேதத்துக்கு வெளியே சான்றில்லை. யாத்திராகமம் சொல்லும் அளவிலான வெளியேற்றத்துக்கும் தொல்லியல் ஆதாரமில்லை. 1948 சுதந்திரப் பிரகடனமும் கடவுள் கொடுத்தார் என்று எழுதவில்லை. இயல்பான, வரலாற்று உரிமை என்றும் ஐ.நா. தீர்மானம் என்றும்தான் எழுதியது. கடவுள் பெயர் வேண்டும் என்ற ரப்பிக்கும் கூடாது என்ற இடதுசாரிக்கும் நடுவில் 'இஸ்ரவேலின் கன்மலை' என்ற சொல்லில் சமரசம் ஆனது.

படத்துக்குத் திரும்பினால், அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் நெதுரேய் கார்த்தா என்ற சின்னக் குழுவினர். 2006இல் தெஹ்ரானில் ஹோலோகாஸ்டை மறுப்பவர்கள் கூடிய மாநாட்டுக்கு இவர்களில் சிலர் போனபோது, சியோனிசத்தை அதே அளவுக்கு வெறுக்கும் சாத்மார் தரப்பே கண்டித்தது. சாத்மார் மிகப் பெரிய சமூகம். கொள்கையில் விட்டுக்கொடுக்காதவர்கள், ஆனால் இப்படி மேடை ஏறமாட்டார்கள். மற்ற தீவிர வைதீகர்களில் பெரும்பாலோர் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: அரசை மீட்பின் தொடக்கமாக ஏற்பதில்லை, ஆனால் தேர்தலில் நிற்பார்கள், பள்ளிகளுக்கு மானியம் வாங்குவார்கள். அகுதாத் இஸ்ராயேல் கட்சியினர் பல பத்தாண்டுகள் கேபினட் அமைச்சராக உட்கார மறுத்து, துணை அமைச்சர் என்ற பெயரில் ஒரு துறையையே நடத்திவந்தார்கள்; அரசின் எல்லா முடிவுக்கும் கூட்டுப் பொறுப்பு ஏற்கக் கூடாதாம். 2015இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கட்சியின் மூத்த ரப்பிகள் கூடிப் பேசி அனுமதி கொடுத்தார்கள். யாக்கோவ் லிட்ஸ்மன் முழு சுகாதார அமைச்சராகப் பதவியேற்றார்.